மூன்றாம் பாத்தியின் அளவுகள்

எங்கள் அலுவலகத்தில் அவரை எல்லோரும் மில்லி என்றுதான் கூப்பிடுவோம். மில்லிமீட்டரின் சுருக்கம். எதையும் அளக்காமல் அவரால் இருக்க முடியாது. எதிர்க் கடையில் பிஸ்கட் வாங்கினாலும் கட்டைவிரலை வைத்துப் பார்த்து, "போன மாசத்தவிட ரெண்டு மில்லி குறைச்சுட்டான்" என்பார். கடைக்காரர் ஒருநாள் இரண்டு கையையும் கூப்பி, "அண்ணே, என் பொழப்புல கை வைக்காதீங்க. போய் உங்க மட்டிய அளங்க" என்று கெஞ்சியே விட்டார்.

மட்டியை அளப்பதுதான் அவருக்கு வேலை. எங்களுடையது கழிமுகத்தை ஒட்டிய ஒரு சின்ன ஆராய்ச்சி நிலையம். ஐந்து அறைகள், இரண்டு படகுகள், எப்போதும் ஈர வாடை அடிக்கும் ஒரு வராந்தா. அவர் படகோட்டியாகச் சேர்ந்தவர். கை சுத்தமான மனுஷன் என்று பெயர் வாங்கியிருந்ததால், முன்பிருந்த அதிகாரி ஒருவர் காலிப்பரை அவரிடம் கொடுத்தார். காலிப்பர் என்றால் பொருளைக் கவ்விப் பிடித்து நீளம் காட்டும் இரும்பு அளவுகோல். அவர் அளந்து எழுதிக்கொண்டு வரும் எண்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. இந்தக் கதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. பெருமைப்படும்படியான பங்கு இல்லை.

கழிமுகத்தில் ஆறு கடலோடு கலக்கும் இடமெல்லாம் அலையாத்திக் காடு. அந்தக் காட்டுச் சேற்றில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மட்டி வளரும். பழுப்பும் கறுப்புமாகத் தடித்த ஓடு. மரங்களின் மூச்சுவேர்களுக்கு இடையில் உடம்பு முழுவதையும் புதைத்துக்கொண்டு, ஓட்டின் ஒரு விளிம்பை மட்டும் மேலே வைத்திருக்கும். சேற்றிலேயே ஒரு புளிப்பு உண்டு. பல வருடம் கிடந்த மட்டிக்கு ஓட்டின் முதுகு அரித்துச் சுண்ணாம்பு உதிர்ந்து வெள்ளையாகத் தெரியும். பக்கத்துக் குடியிருப்பிலிருந்து முப்பது நாற்பது பெண்கள் நீர் வற்றும் நேரத்தில் உள்ளே போய், காலால் தடவியே அதைக் கண்டுபிடித்துக் கூடையில் போட்டுக்கொண்டு வருவார்கள். வேகவைத்தால் ஓடு திறந்து, நல்ல கெட்டியான சதை கிடைக்கும். மில்லியின் மனைவியும் அந்தப் பெண்களில் ஒருத்தி. மனைவியின் தங்கையும்தான்.

புதிதாக வந்த அதிகாரி மேடம் ஒரு ஆய்வைத் தொடங்கினார். காட்டில் மூன்று இடங்களில் கயிறு கட்டிப் பாத்தி பிரித்தார்கள். முதல் பாத்தி ஓடைக் கரையில். இரண்டாவது காட்டின் நடுவில். மூன்றாவது பின்காட்டில், கரை மேடு ஏறத் தொடங்கும் இடத்தில். ஒவ்வொன்றிலும் அறுபது மட்டிகள். ஒவ்வொரு மட்டியின் ஓட்டிலும் நம்பர் பொறித்த சின்னத் தகடு ஒட்டியாயிற்று. மாதம் ஒருமுறை மில்லி போய் அவற்றைச் சேற்றிலிருந்து எடுத்து, துடைத்து, அளந்து, எடுத்த குழியிலேயே எடுத்தபடியே வைத்துவிட்டு வர வேண்டும். மூன்று வருட வேலை.

முதல் வருடம் அவர் அளந்த அளவுகள் சொக்கத்தங்கம். ஓடைக் கரைப் பாத்தியில் தினமும் இரண்டு வேளை நீர் ஏறும். மட்டிக்கு நீர்தான் சோறு. நீரை உறிஞ்சி, அதில் மிதக்கும் பொடிகளை வடிகட்டித் தின்னும். அதனால் அங்கே இருந்தவை மளமளவென்று வளர்ந்தன. பின்காட்டுக்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில்தான் நீர் எட்டிப் பார்க்கும். மற்ற நாளெல்லாம் மட்டி பட்டினி. ஓட்டை மயிரிழை அளவுக்குத் திறந்து வைத்துக்கொண்டு, காற்றையே மூச்சாக இழுத்துக்கொண்டு, அடுத்த ஏற்றம் வரை அப்படியே கிடக்கும். அவ்வளவு பொறுமை வேறு எந்த ஜீவனுக்கும் கிடையாது என்பார் மில்லி. வருடம் முழுவதும் சேர்த்து அவை வளர்ந்தது இரண்டரை, மூன்று மில்லிமீட்டர்.

"மூணாம் பாத்திக்காரங்களப் பாத்தா பாவமா இருக்கு தங்கச்சி. நாலு மாசமா அதே அம்பத்தஞ்சு. ரேஷன் கடை வரிசையில நிக்கற மாதிரி நிக்குதுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு எண்களை வாசிப்பார். நான் தட்டச்சு செய்வேன்.

இரண்டாம் வருடம் மழைக்காலத்தில் அவருக்குக் காலில் வெட்டு விழுந்தது. உடைந்த ஓடு ஒன்று குதிகாலுக்கு மேலே ஆழமாகக் கீறிவிட்டது. சேற்றுப் புண் சீழ் பிடித்து, கால் பூசணிக்காய் போல வீங்கியது. மருத்துவர் மூன்று மாதம் சேற்றில் கால் வைக்கவே கூடாது என்றார்.

இதை அவர் அலுவலகத்தில் சொல்லவில்லை. அவர் தற்காலிக ஊழியர். முன்பு முதுகுவலி என்று விடுப்பு எடுத்த ஒரு படகோட்டி திரும்பி வந்தபோது அந்த இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருந்ததை அவர் பார்த்திருந்தார். பெரிய ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, நொண்டுவது தெரியாமல் நடந்தார். கேட்டவர்களிடம் சுளுக்கு என்றார்.

முதல் பாத்திக்குப் படகிலிருந்தே இறங்கிவிடலாம்; ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து அளந்துவிட்டார். இரண்டாவதுக்குக் காலில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு போய் வந்தார். மூன்றாம் பாத்திக்கு முழங்கால் சேற்றில் அரைமணி நேரம் நடக்க வேண்டும். அதுமட்டும் முடியவில்லை. படகில் உட்கார்ந்தபடியே நோட்டை மடியில் வைத்து, போன மாத எண்களைப் பார்த்துப் பார்த்து அந்த மாதத்தின் எண்களை எழுதினார்.

பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார்: "முதல்ல அப்படியே பழச எழுதலாம்னுதான் நெனச்சேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தா சந்தேகம் வருமேன்னு ஒண்ணுக்கு அரை, ஒண்ணுக்கு முக்கால்னு கூட்டினேன். கூட்டக் கூட்டக் கை தாராளமாயிருச்சு. பாவம், வளரட்டுமேன்னு தோணுச்சு."

மூன்று மாதத்தில் புண் ஆறியது. சேற்றில் இறங்கி மூன்றாம் பாத்திக்குப் போனார். முதல் மட்டியை எடுத்து அளந்தார். அவருடைய நோட்டில் அதற்கு ஐம்பத்தொன்பது. கையில் இருந்ததோ ஐம்பத்தாறு. அடுத்ததும் அப்படித்தான். மட்டி ஓடு கூடுமே தவிரக் குறையாது. உண்மையான எண்ணை எழுதினால் அறுபது மட்டிகளும் ஒரே மாதத்தில் சுருங்கிப்போனதாக ஆகும். அவர் மட்டியைக் குழியில் வைத்து, நோட்டில் அறுபது என்று எழுதினார்.

அன்றோடு சரி. அதன்பின் மூன்றாம் பாத்திக்கு அவர் போகவே இல்லை. ஒன்றேகால் வருடம் படகிலேயே அளந்தார். எல்லாமே உயிரோடு இருந்தால் நம்ப மாட்டார்களே என்று இடையில் மூன்று மட்டிகளைச் சாகடித்தார். நாற்பத்தொன்று, ஏழு, ஐம்பத்திரண்டு. 'வெற்று ஓடு' என்று பக்கத்தில் எழுதினார்.

இப்போது என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதம் பதினான்காம் நம்பர் ஒரேயடியாக நான்கு மில்லி கூடியிருந்தது. ஓடைக் கரை மட்டியே அப்படிக் கூடியதில்லை.

"என்னண்ணே இது, இப்படி வளந்துருக்கு?" என்றேன்.

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "மழை நல்லாப் பெஞ்சுதுல்ல" என்றார்.

மழைக்கும் மட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அன்றைக்கு எனக்கு நேரம் இல்லை. ஐந்தேகால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். எண்ணை ஏற்றிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

மூன்று வருடமும் முடிந்தது. மேடம் அறிக்கை எழுதினார். பின்காட்டு மட்டிகள் முதலில் தயங்கினாலும் இரண்டாம் வருடத்திலிருந்து நன்றாக வளர்கின்றன, அங்கே அளவோடு மட்டி எடுக்கலாம் என்பது முடிவு. அதுவரை பின்காட்டில் யாரும் கை வைக்கக்கூடாது என்று ஒரு பழைய தடை இருந்தது. அறிக்கையைப் பார்த்து மீன்வளக் குழு தடையை நீக்கியது.

குடியிருப்புப் பெண்களுக்கு அது பெரிய சந்தோஷம். ஓடைக் கரையில் மட்டி குறைந்துகொண்டே வந்த காலம் அது. மில்லி தெருவில் போனால் வழிமறித்துப் பேசினார்கள். "நம்ம வீட்டு ஆளு அளந்து சொன்னதாலதான் காடு திறந்துச்சு" என்று மனைவி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். தங்கைக்காரி முதல் நாள் எடுத்த மட்டியிலேயே பெரியதாகப் பொறுக்கி, அக்காள் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அத்தான், இது உங்க பங்கு. மறுக்கக் கூடாது."

மனைவி வேகவைத்துத் தட்டில் வைத்தாள். அவர் ஓட்டைத் திருப்பிப் பார்த்தார். முதுகு முழுக்க அரித்து வெள்ளையாக இருந்தது. கிழட்டு மட்டி. பதினைந்து வயதாவது இருக்கும். தட்டைத் தள்ளி வைத்தார்.

"என்னங்க, பிடிக்கலையா?"

"வயிறு சரியில்ல."

"மூணு வருசமா அதுங்க மூஞ்சியிலயே முழிச்சு அலுத்துப்போச்சு போல" என்று அவள் சிரித்தாள். அந்த வருடம் முழுவதும் அவருக்கு வயிறு சரியில்லாமலேயே இருந்தது.

முதல் பருவத்தில் கூடை கூடையாக வந்தது. இரண்டாம் பருவம் தொடங்கி இரண்டு வாரத்தில் பெண்கள் வெறுங்கூடையோடு திரும்பினார்கள். பெரியது போன இடத்தில் நடுத்தரம் இல்லை. நடுத்தரம் போன இடத்தில் பொடி இல்லை. மழைக்காலத்தில் முட்டைகளும் குஞ்சுகளும் நீரில் மிதந்து வந்து எங்காவது ஒட்டினால்தான் உண்டு. பின்காட்டுக்கு நீரே எப்போதாவதுதான் வரும், குஞ்சு வருவது அதைவிட அபூர்வம். இதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒருநாள் மனைவி வாசலில் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "பதினெட்டு. நாள் பூரா தடவி பதினெட்டு" என்றாள். பிறகு சமாதானம் சொல்வதுபோல, "பரவால்ல, உங்க கணக்குப்படி அடுத்த வருசம் வளந்துருமில்ல?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை நீர் வற்றியதும் அவர், யாரும் அனுப்பாமல், காலிப்பரை எடுத்துக்கொண்டு பின்காட்டுக்குப் போனார்.

மூன்றாம் பாத்தியில் எதுவும் மிஞ்சியிருக்காது என்று நினைத்துத்தான் போனார். சுற்றிலும் சேறு உழுத வயல் போலக் கிளறிக் கிடந்தது. ஆனால் பாத்தியின் கயிறு கட்டியபடியே இருந்தது. ஒரு இடத்தில் அறுந்த கயிற்றை யாரோ சேலைக் கிழிசலால் முடிச்சுப் போட்டிருந்தார்கள். உள்ளே ஒரு காலடி கூட இல்லை. அவர் குனிந்து தேடினார். தகடு ஒட்டிய மட்டிகள் அறுபதும் இருந்தன. அளவுக்காரர் வேலைக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று, கூடை காலியாக இருந்த நாட்களிலும் அந்தப் பெண்கள் இவற்றைத் தொடாமல் விட்டிருந்தார்கள். நாற்பத்தொன்றாம் நம்பரும் இருந்தது. ஓட்டைக் கொஞ்சமாகத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவர் விரல் பட்டதும் படக்கென்று மூடிக்கொண்டது.

அன்று முற்பகல் அவர் அலுவலகத்துக்குள் வந்தபோது தொடை வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது. குழாயடியில் கால் கழுவாமல் அவர் வராந்தா ஏறி நான் பார்த்ததே இல்லை. நோட்டை என் மேஜையில் வைத்தார்.

"தங்கச்சி, கம்ப்யூட்டர்ல உள்ள பழசையும் இதுல உள்ள புதுசையும் பக்கத்துல பக்கத்துல வாசி. மேடத்துக்குக் கேக்கற மாதிரி வாசி."

மேடத்தின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. நான் வாசித்தேன்.

"பதினாலு. பழசு எழுபத்தஞ்சு. புதுசு அறுபது." நிறுத்தினேன். "அண்ணே, தப்பா எழுதிட்டீங்களா?"

"அடுத்தது."

"இருபத்திரெண்டு. பழசு எழுபத்தொண்ணு. புதுசு அம்பத்தெட்டு… மட்டி சுருங்குமாண்ணே?"

"சுருங்காது. வாசி."

மேடம் எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். நான்கைந்து வாசித்த பிறகு அவரே நோட்டை வாங்கிப் பார்த்தார். அவருடைய விரல் ஒரு வரியில் நின்றது.

"நாப்பத்தொண்ணு செத்துப்போச்சுன்னு போட்டிருந்தீங்களே?"

"உசுரோட இருக்கு மேடம். நான்தான் கொன்னேன், காகிதத்துல. காலுல அடிபட்டு மூணு மாசம் போகல. அப்புறம் போகவே பயந்துட்டேன். அதுலேருந்து மூணாம் பாத்தி அளவு ஒண்ணுகூட நெசமில்ல. அடிபடறதுக்கு முன்னாடி எழுதுனது மட்டுந்தான் நெசம்."

மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்கள் மூன்று பேருக்குமே கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து, "மூணு வருஷத்துல நான் அந்தப் பாத்திக்கு ரெண்டு தடவதான் போயிருக்கேன். ரெண்டாவது தடவ பூட்ஸ் மாட்டிக்கிச்சுன்னு பாதியிலயே திரும்பிட்டேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

அப்போதுதான் நானும் பதினான்காம் நம்பரின் நான்கு மில்லியைப் பற்றிச் சொன்னேன். பஸ்ஸைப் பற்றியும் சொன்னேன்.

குழுவுக்குக் கடிதம் எழுதிவிடுவதாகவும், குடியிருப்பில் அவர் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்றும் மேடம் சொன்னார். மில்லி வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "கடுதாசி வந்தா ஆபீஸ் தப்புன்னு நெனச்சுக்குவாங்க மேடம். அவங்க என்னைய நம்பித்தான் போனாங்க."

மட்டியைத் தரம் பிரிக்கும் கொட்டகையில் அன்று பத்துப் பதினைந்து பெண்கள் இருந்தார்கள். பிரிக்கச் சரக்கு அதிகம் இல்லாததால் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் கூடப் போயிருந்தேன். அவர் தகரக் கூரையின் விளிம்பில், உள்ளே வராமல், வெயிலிலேயே நின்று சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. கால் புண், படகு, நோட்டு, எல்லாவற்றையும் சொன்னார்.

ஒருத்தி, ஏதோ கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தாள். பக்கத்தில் இருந்தவள் அவள் கையைத் தட்டியதும் சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்போ பின்காட்டுல நாங்க எடுத்தது மறுபடி அந்த அளவுக்கு வர எத்தனை வருசமாகும்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"குஞ்சு வந்து ஒட்டுச்சுன்னா… பதினஞ்சு, இருபது வருசம்."

"ஒட்டலைன்னா?"



"மட்டிய அளந்தவரு எங்களையும் மட்டின்னு நெனச்சுட்டாரு" என்றாள் இன்னொருத்தி. யாரும் சிரிக்கவில்லை. அவருடைய மனைவி வாளித் தண்ணீரில் கையைக் கழுவினாள், முந்தானையில் துடைத்தாள், அவரைத் தாண்டி வீட்டைப் பார்த்து நடந்தாள்.

வீட்டில் அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்துத்தான் அவர் போனார். அவள் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். நான்கு நாள் வரை பேச்சே இல்லை. ஐந்தாம் நாள் சோற்றைப் போட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாளாம்.

"அந்தப் புண்ணுக்கு நான்தானே தெனமும் மருந்து போட்டேன்?"

"ஆமா."

"பின்காடு எனக்குத் தெரியாத எடமா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் போய் அளந்துட்டு வந்திருக்க மாட்டேனா?"

இதை என்னிடம் சொன்னபோதுதான் அவர் அழுதார். பொய் எழுதியதைச் சொன்னபோது அழவில்லை. "அந்த நெனப்பே எனக்கு வரல தங்கச்சி. மூணு மாசம் அவ எங்கண்ணு முன்னாடி அந்தக் காட்டுக்குப் போயிட்டுப் போயிட்டு வந்தா. காலிப்பரப் பிடிக்க அவளுக்குத் தெரியாதுன்னு நானே முடிவு பண்ணிட்டேன். தெரியும்னு தோணுனப்பவும், பொண்டாட்டிய அனுப்பி வேலை பாத்தான்னு நாலு பேர் சொல்லுவாங்களேன்னு கூச்சம். அந்தக் கூச்சம் இப்போ எந்த மூலைக்குக் காணும்?"

மில்லிக்கு வேலை போயிற்று. மேடம் தன் அறிக்கையைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டார். அதனால் அவருக்கு வரவிருந்த பதவி உயர்வு நின்றுபோனது. நான் இன்றும் அங்கேதான் தட்டச்சு செய்கிறேன். இப்போதெல்லாம் எண் பிசகாகத் தெரிந்தால் பஸ்ஸை விட்டுவிடுகிறேன். பழைய ஒன்றை அது சரிக்கட்டாது என்பதும் தெரியும்.

குழுவின் கடிதம் வருவதற்கு முன்பே பெண்கள் பின்காட்டை அடைத்துவிட்டார்கள். இனி அளப்பது எங்களில் ஒருத்தியாக இருந்தால்தான் பாத்திக்குள் ஆள் விடுவோம் என்று சொன்னார்கள். அப்படித்தான் காலிப்பர் அவருடைய மச்சினியின் கைக்குப் போனது. அக்காளும் கூடப் போகிறாள். ஒருத்தி அளக்க, ஒருத்தி வாசிக்க, இருவருமே கையெழுத்துப் போட்டு என்னிடம் கொண்டுவந்து தருகிறார்கள்.

அவர் ஐஸ் தொழிற்சாலையில் கட்டிகளை இழுத்துப் போடும் வேலையில் சேர்ந்தார். கொட்டகை வழியாகப் போனால் ஐந்து நிமிடம். அவர் பின்பக்கம் சுற்றி, சாக்கடை ஓரமாக இருபது நிமிடம் நடந்து போகிறார். யாரும் அவரை இப்போது ஏசுவதில்லை. ஏசாததுதான் அவருக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று மனைவி சொல்கிறாள்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் மச்சினி வீட்டுக்கு வந்தாள். அக்காள் வெளியே போயிருந்தாள். அவர் வாசலில் செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், ஒரு சந்தேகம். வாயத் திறந்துக்கிட்டுக் கெடக்குமே, அத எப்படி அளக்கறது? காலிப்பர வச்சா வழுக்குது."

அவர் நிமிரவில்லை. அவள் நின்றாள். போய்விடுவாள் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. அவள் போகவில்லை.

"விளிம்புல லேசாத் தொட்டு விடு" என்றார் கடைசியில். "தானா மூடிக்கும். அப்புறம் அள."

"மூடலைன்னா?"

"கொஞ்சம் பொறு. மறுபடி தொடு. அமுக்கிராத, உள்ள சதை நசுங்கிரும்."

"சரி அத்தான்" என்று அவள் படியிறங்கினாள். இரண்டு வீடு தாண்டிப் போன பிறகு அவர் எழுந்து, "குஞ்சு ஏதாச்சும் கண்ணுல பட்டுச்சா?" என்று கேட்டார். மழைச் சத்தத்தில் அவளுக்கு அது கேட்கவில்லை. அவரும் இன்னொரு தடவை கேட்கவில்லை.